கையால் உள்ளே தள்ள முடியுமா?

ஆர்வி என்னும் வீட்டு வண்டிகளின் கண்காட்சிகளுக்குப் போனால் ஒரு காட்சியைத் தவறாமல் பார்க்கலாம். விற்பனையாளர் மோட்டார்ஹோமின் கதவுக்குப் பக்கத்திலிருக்கும் பொத்தானை அழுத்துவார். சோபா, மேசை, அலமாரி எல்லாவற்றையும் சுமந்துகொண்டு சுவரின் ஒரு பகுதி மெல்ல வெளியே நகரும். இதற்குத்தான் ஸ்லைடு என்று பெயர். ஒருவர் போக இன்னொருவர் ஒதுங்க வேண்டியிருந்த இடம் அரை நிமிடத்தில் ஒரு கூடமாகிவிடும். உள்ளே நிற்கும் குழந்தைகள் இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கேட்பார்கள். அவரும் சளைக்காமல் அழுத்திக் காட்டுவார். கண்காட்சியில் வண்டி நாள் முழுக்கக் கரண்டில் செருகியிருக்கும், தரை மட்டமாக இருக்கும், கூரைமேல் ஓர் இலைகூடக் கிடக்காது. அந்த நிலையில் எந்த ஸ்லைடும் ஒழுங்காகத்தான் ஓடும். "பொத்தான் வேலை செய்யலன்னா இதை எப்படி உள்ளே தள்ளுறது?" என்று அங்கே யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஸ்லைடு வைத்த வண்டி வாங்குகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான் என்பது என் கட்சி. இதைச் சொன்னால் நண்பர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள்.

ஸ்லைடு வேண்டாம் என்று சொல்கிற ஆள் இல்லை நான். அமெரிக்க நெடுஞ்சாலைகளில் வண்டியின் அகலம் 102 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, அதாவது எட்டரை அடி. சுவர்களின் தடிமனைக் கழித்தால் உள்ளே மிஞ்சுவது எட்டடிக்குப் பக்கம். அதில் ஒரு பக்கம் சமையல் மேடை, மறுபக்கம் சோபா என்று போட்டபின் நடுவில் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். இந்தியானா மாநிலத்து நாப்பனியில் வண்டி கட்டும் நியூமார் நிறுவனம் 1990-இல் ஸ்லைடைக் கொண்டுவந்தபோது, ஓடும்போது எட்டரை அடி, நின்றபின் பதினோரு அடி என்று ஆகிவிட்டது. அதற்கப்புறம் ஸ்லைடு இல்லாத பெரிய வண்டியை விற்பதே பாடு. ஒரு ஸ்லைடு இரண்டாகி, நான்காகி, இப்போது ஒரு பக்கச் சுவர் ஏறக்குறைய முழுவதுமே வெளியே வருகிற வண்டிகளும் உண்டு. மழை நாளில் குழந்தைகளோடு உள்ளேயே அடைந்து கிடக்கும்போது அந்த இரண்டரை அடியின் அருமை தெரியும்.

ஆனாலும் வீட்டின் சுவரில் ஆளுயரத்துக்கு ஓட்டை போட்டு, அதில் ஒரு பெட்டியைச் செருகி, அந்தப் பெட்டிக்குள் ஃப்ரிட்ஜையும் கட்டிலையும் ஏற்றி, 12 வோல்ட் மோட்டாரால் இழுக்கிறோம். அந்த வீடும் மணிக்கு அறுபது மைல் வேகத்தில் குலுங்கிக்கொண்டு போகிறது. யோசித்துப் பார்த்தால் இது ஓடுவதுதான் ஆச்சரியம்.

இந்த விஷயம் என்னை அரிக்கத் தொடங்கியது நண்பன் ஒருவன் போன் செய்த பிறகு. திருச்சிக்காரன், டெக்சாஸின் ஆஸ்டினில் எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி இருக்கிறான். "அண்ணே, நீங்கதான் வச்சிருக்கீங்களே, ஸ்லைடு இருக்கறது வாங்கலாமா, இல்லாதது வாங்கலாமா?" என்றான். வாங்கு என்றும் சொல்ல வரவில்லை, வாங்காதே என்றும் வரவில்லை. "எந்த மாதிரி ஸ்லைடு?" என்று திருப்பிக் கேட்டேன். "ஸ்லைடுன்னா ஸ்லைடுதானேண்ணே, அதுல என்ன மாதிரி?" என்றான். அன்று ராத்திரி அவனுக்கு எழுதத் தொடங்கிய வாட்ஸ்அப் செய்தி நீண்டுகொண்டே போய்க் கடைசியில் இந்தப் பதிவாகிவிட்டது.

ஒரே வண்டியில் இரண்டு கொள்கை

எங்களுடையது ஃபோர்டு எஃப்-53 சேஸிமேல், அதாவது அடிச்சட்டத்தின்மேல், கட்டிய பெட்ரோல் வண்டி. பழையதாகத்தான் வாங்கினோம். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் கூடத்தில் ஒரு ஸ்லைடு, பின்னால் படுக்கையறையில் ஒன்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி. வேலை செய்கிற விதத்தில் சம்பந்தமே கிடையாது.

கூடத்து ஸ்லைடுக்குக் கீழே இரண்டு இரும்புத் தண்டுகள் சேஸியை ஊடுருவிப் போகின்றன. தண்டுகளின் அடிப்பக்கம் பல் வெட்டியிருக்கும். அந்தப் பற்களில் இரண்டு பல்சக்கரங்கள் கவ்வி நிற்கும். அவை இரண்டையும் ஷாஃப்ட் என்னும் ஒரே சுழல்தண்டு இணைக்கிறது, அந்த ஷாஃப்டை ஒரே மோட்டார் சுற்றுகிறது. முன்பக்கம் ஓர் அங்குலம் நகர்ந்தால் பின்பக்கமும் ஓர் அங்குலம் நகர்ந்தே ஆக வேண்டும். இரும்பு வேறு வழி விடாது. கனம் அதிகம், சேஸியில் இடம் வேண்டும், கீழே தொங்குவதால் சேறும் உப்பும் படும். ஆனால் மோட்டார் செத்தால் மோட்டாரிலுள்ள பிரேக் லீவரைத் திருப்பிவிட்டு, ஷாஃப்ட் முனையில் முக்கால் அங்குல சாக்கெட்டை மாட்டி, ராட்செட்டால் சுற்றினால் போதும். கை வலிக்கும், நேரமாகும், ஸ்லைடு உள்ளே வந்துவிடும்.

படுக்கையறை ஸ்லைடு வேறு சாதி. சேஸியை அது தொடுவதே இல்லை. பெட்டியின் இரண்டு பக்கச் சுவர்களிலும் மேலே ஒன்று, கீழே ஒன்றாக அலுமினியப் பல்தண்டுகள். திறப்பின் இரு ஓரத்திலும் ஒல்லியான அலுமினியத் தூண்கள். ஒவ்வொரு தூணின் தலையிலும் கைக்கடக்கமான ஒரு மோட்டார். இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் நடுவே இரும்பு எதுவும் கிடையாது, வயர்தான். மோட்டார் எத்தனை சுற்று சுற்றியது என்று ஒரு சென்சார் எண்ணி கன்ட்ரோலர் பெட்டிக்குச் சொல்லும். கன்ட்ரோலர் இரண்டு எண்ணிக்கையையும் ஒப்பிட்டு, முந்துகிறதை அடக்கி, பிந்துகிறதற்காகக் காத்திருக்கும். மாடிப்படியில் பீரோ தூக்குகிற இரண்டு பேர் "நீ கொஞ்சம் நில்லு, நான் வர்றேன்" என்று பேசிக்கொண்டே ஏறுகிறார்களே, அந்தக் கதைதான். பேச்சு நின்றால் பீரோ சாயும்.

இலகு, மலிவு, கீழே இடத்தை அடைக்காது. தயாரிப்பாளர்களுக்கு இது ஏன் பிடித்தது என்று புரிந்துகொள்ள முடிகிறது. உயரமான ஸ்லைடை மேலும் கீழுமாகப் பிடித்துக்கொள்கிறது என்பதும் நியாயமான வாதம். கம்பிவடத்தால் இழுக்கிற வகையும், பெரிய டீசல் வண்டிகளில் ஹைட்ராலிக்கால் தள்ளுகிற வகையும் உண்டு. அவற்றோடு எனக்குப் பழக்கம் குறைவு, அதனால் தள்ளி வைக்கிறேன்.

ஃபோர்ட் டேவிஸில் ஒரு காலை

மேற்கு டெக்சாஸில் ஃபோர்ட் டேவிஸ் ஊருக்குப் பக்கத்தில் டேவிஸ் மவுண்டன்ஸ் ஸ்டேட் பார்க். ஐயாயிரம் அடி உயரம். பக்கத்திலேயே மெக்டொனால்ட் வானாய்வகம். பிள்ளைகளுக்கு நட்சத்திரம் காட்டுவதற்காக ஒரு பிப்ரவரியில் போயிருந்தோம். டெக்சாஸ்தானே, குளிரெல்லாம் எங்கே என்று நினைப்பவர்கள் அந்த மலையில் பிப்ரவரியில் ஒரு ராத்திரி தங்கிப் பார்க்கலாம். ஹீட்டர், வாட்டர் ஹீட்டர், ஃப்ரிட்ஜ் எல்லாம் சேர்ந்து இழுத்ததில் வண்டிக்குக் கரண்ட் தரும் கம்பத்திலிருந்த 30 ஆம்ப் பிரேக்கர் நடுராத்திரியில் எப்போதோ விழுந்துவிட்டது. உள்ளே அது தெரியவே இல்லை. கரண்ட் ஹீட்டர் நின்றதும் கேஸ் ஃபர்னஸ் தானாக எரியத் தொடங்கியிருக்கிறது, ஃப்ரிட்ஜும் கேஸுக்கு மாறியிருக்கிறது. வசதிதான். ஆனால் அந்த ஃபர்னஸின் காற்றாடி விடிய விடிய பேட்டரியில் ஓடியிருக்கிறது.

மதியம் பன்னிரண்டுக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும். வெளியே நான் தண்ணீர்க் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே மனைவி கூடத்து ஸ்லைடை இழுத்து முடித்துவிட்டுப் படுக்கையறைக்குப் போய்ப் பொத்தானை அழுத்தினாள். சில விநாடிகள்தான். மோட்டார் சத்தம் கேட்டு, நின்றது. "என்னங்க, இங்க வாங்க. சத்தம் மாறிடுச்சு, நான் கையை எடுத்துட்டேன்." போய்ப் பார்த்தால் தலைமாட்டுப் பக்கம் ஒரு சாண் உள்ளே வந்திருக்கிறது, கால்மாட்டுப் பக்கம் அசையவே இல்லை. பெட்டி திறப்புக்குள் கோணலாக நிற்கிறது. ஒரு மூலையில், இடுக்கை அடைக்கும் ரப்பர் சீல் மடங்கி உள்பக்கமாகப் பிதுங்கிக்கொண்டிருந்தது.

அவள் காதுக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். பொத்தானிலிருந்து விரலை எடுக்காமல் இருந்திருந்தாலோ, "இன்னொரு தடவை அழுத்திப் பார்ப்போம்" என்று நாலைந்து முறை அழுத்தியிருந்தாலோ அலுமினியப் பற்கள் வழுக்கித் தேய்ந்திருக்கும். பல் போனால் அந்தத் தண்டையே மாற்ற வேண்டும், அதற்குப் பெட்டியையே கழற்ற வேண்டிவரும்.

பக்கத்து இடத்தில் ஒரு பெரியவர். டெக்சாஸின் ஒடெஸா பக்கம் எண்ணெய் வயல்களில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடையது ஸ்லைடே இல்லாத அரதப் பழசான வண்டி. எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு அவராகவே வந்தார். பெட்டி கோணலாக நிற்பதை வெளியிலிருந்து ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். மோட்டாரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இதைக் கையால் உள்ளே கொண்டுவர வழி என்ன என்று மட்டும் கேட்டார்.

புத்தகத்தை எடுத்துப் படித்தோம். தூணின் தலையிலுள்ள சீலை ஒதுக்கி, ஒரு ஸ்க்ரூவைக் கழற்றி, மோட்டாரை மேலே தூக்கிப் பல்லிலிருந்து விடுவிக்க வேண்டும். இரண்டு பக்கமும் அப்படிச் செய்தபின் நாலு பேர் நாலு மூலையில் நின்று ஒரே சீராகத் தள்ள வேண்டும். ஏணி வேண்டும், ஆள் வேண்டும். தள்ளி முடித்ததும் மோட்டாரைத் திரும்பப் பல்லில் இறக்காவிட்டால் போகிற வழியில் ஒரு வளைவில் பெட்டி தானாக வெளியே வரும். இதெல்லாம் ஆகாத காரியம் இல்லை. ஆனால் ஒரு குடும்பம் பூங்காவில் நின்றுகொண்டு, மேற்கே காற்று எழும்பிக்கொண்டிருக்கும்போது செய்கிற காரியமும் இல்லை.

பெரியவர் படித்துவிட்டு, அது கடைசி வழி என்று சொல்லித் வோல்ட் அளக்கும் தன் மல்ட்டிமீட்டரை எடுத்துவரப் போனார். எனக்கு இந்த முழுச் சம்பவத்தின் திருப்பம் அந்த இடம்தான். மோட்டார் போயிற்று என்று நான் மனதுக்குள் முடிவு கட்டி, புது மோட்டார் எங்கே கிடைக்கும், பக்கத்து ஊரான ஆல்பைனில் ஆள் இருப்பார்களா என்று போனில் தேடத் தொடங்கியிருந்தேன். அவர் பேட்டரியில் மீட்டரை வைத்தார். 12.0 வோல்ட். பார்க்கச் சுமார்தான், மோசமில்லை என்று நினைத்தேன். "எல்லா விளக்கையும் போடுங்க, ஃபர்னஸையும் ஓட விடுங்க" என்றார். போட்டோம். எண் எங்கள் கண்முன்னாலேயே இறங்கியது. 11.6, 11.3, அப்புறம் 11.1. ஸ்லைடு மோட்டார்கள் இழுப்பது விளக்குகளைவிடப் பல மடங்கு. அந்த இழுப்பில் எவ்வளவுக்கு இறங்கியிருக்கும் என்று அவர் சொல்லவில்லை, என்னைப் பார்த்துப் புருவத்தை மட்டும் தூக்கினார்.

எஞ்சினை ஓடவிட்டோம், கம்பத்துப் பிரேக்கரையும் தூக்கிவிட்டோம். பேட்டரியில் 13.6 வந்தது. ஆனால் கன்ட்ரோலர் எண்ணிக்கையைத் தொலைத்திருந்தது. அந்தக் கன்ட்ரோலர் எங்கள் வண்டியில் கீழே சாமான் வைக்கும் அறையின் கூரையில், ஒரு பலகைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. சிவப்பு விளக்கு எத்தனை முறை சிமிட்டுகிறது என்பது என்ன கோளாறு என்பதற்கு, பச்சை விளக்கு எந்த மோட்டார் என்பதற்கு. பச்சை காட்டியது கால்மாட்டுப் பக்கத்தைத்தான். அதிலேயே ஒரு சின்னப் பொத்தான். ஆறு முறை சட்சட்டென்று அழுத்தி ஏழாவது முறை அழுத்தியபடியே பிடித்திருந்தால் இரண்டு விளக்கும் சேர்ந்து சிமிட்டும். அதன்பின் கன்ட்ரோலர் எண்ணிக்கையைப் பார்ப்பதை விட்டுவிடும், இரண்டு மோட்டாரும் தம் பாட்டுக்கு ஓடும். கோணல் ஆனால் நிறுத்துவது நம் பொறுப்பு.

மனைவி உள்ளே சுவர்ப் பொத்தானில், நான் வெளியே ஒரு மூலை, பெரியவர் அடுத்த மூலை. முதலில் மடங்கிய சீலை விரலால் நிமிர்த்திவிட்டோம். இரண்டு அங்குலம் ஓடவிட்டு நிறுத்து, பார், மறுபடி. கால்மாட்டுப் பக்கம் முனகிக்கொண்டே அசைந்தது. தலைமாட்டுப் பக்கம் முன்னாலேயே வந்து சுவரைத் தொட்டு மூச்சுப் பிடித்து நின்றது, மற்றது தனியாக மீதி தூரத்தை ஊர்ந்து வந்தது. நாலு விரல் இடைவெளி மூன்றாகி, இரண்டாகி, சீல் நசுங்குகிற "ப்ச்" என்ற சத்தத்தோடு மூடியது. "இப்ப எடுத்துடலாமா?" என்று உள்ளிருந்து குரல். பெரியவர் கையை உயர்த்தி, வேண்டாம் என்றார். இரண்டு மோட்டாரும் தானாக நிற்கும்வரை அவள் பிடித்திருந்தாள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

ஸ்லைடு நகரும்போது கன்ட்ரோலரின் முனைகளில் மீட்டரை வைத்து அவர் ஒரு எண்ணைப் பார்த்து வைத்திருந்தார். பேட்டரியில் 13.6 இருக்கும்போது அங்கே 12-ஐத் தொடவில்லை. வழியில் ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் காணாமல் போகிறது, எங்கேயோ துரு இருக்கிறது, வீட்டுக்குப் போய்த் தேடுங்கள் என்று சொல்லிவிட்டு மீட்டரைச் சுருட்டிக்கொண்டு போனார்.

குற்றவாளி யார்

தேடினேன். சேஸியின் உள்பக்கம் மூன்று நெகட்டிவ் வயர்களை ஒரே போல்ட்டில் கொண்டுவந்து முடுக்கியிருக்கிறார்கள். போல்ட்டுக்கு அடியில் பெயின்ட். பெயின்ட்டுக்கு அடியில் துரு. ஸ்பேனரை வைத்ததும் கால் சுற்று தானாகச் சுழன்றது. சுரண்டி, பளபளவென்று இரும்பு தெரிந்தபின் வயர் முனைக்குப் புது லக் போட்டு, பல்லுள்ள வாஷர் வைத்து முடுக்கினேன். கால்மாட்டு மோட்டாரின் கனெக்டரைப் பிரித்தால் ஒரு முள்ளில் பச்சை பூத்திருந்தது, அதையும் சுத்தம் செய்தேன். அவ்வளவுதான். ஃபோர்ட் டேவிஸில் மனதுக்குள் கொன்றுவிட்ட அதே மோட்டார்தான் இன்றைக்கும் ஓடுகிறது.

இதை நண்பர்களிடம் சொன்னால் "ரெண்டு மோட்டார் டிசைனே மோசம், ஒத்தை ஷாஃப்ட்தான் நல்லது" என்று உடனே தீர்ப்பு வருகிறது. எனக்கும் ஷாஃப்ட்தான் பிடிக்கும், மறைக்கவில்லை. ஆனால் துருப்பிடித்த ஒரு போல்ட்டின் பழியை ஸ்லைடின் தலையில் போடுவது நியாயமா? ஷாஃப்ட் வகை குறைந்த வோல்ட்டிலும் முக்கி முனகி நேராக வந்துவிடும். நோயை வெளியே காட்டாது. மற்றது எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டே இருப்பதால் முதலில் அலறும். அந்த அலறலை வடிவமைப்பின் குறை என்பதா, குணம் என்பதா என்று எனக்கு இன்னும் தீரவில்லை. ஒரு கனெக்டரில் பச்சை பூத்ததற்குக் குடும்பமே நடுக்காட்டில் நிற்க வேண்டியிருக்கிறது என்கிற கோபமும் தீரவில்லை.

வோல்ட்டைப் பற்றி ஒன்று. சும்மா இருக்கும் பேட்டரியில் 12.6 பார்த்து நிம்மதி அடையாதீர்கள். ஸ்லைடு ஓடும்போது, மோட்டாருக்குப் பக்கத்தில் எவ்வளவு என்பதுதான் செய்தி. நான் இப்போது ஸ்லைடை அசைக்கும் முன் கரண்ட் வருகிறதா என்று பார்க்கிறேன். கம்பம் இல்லாத இடமென்றால் எஞ்சினையோ ஜெனரேட்டரையோ ஓடவிடுகிறேன். சில வண்டிகளில் சாவி எந்த நிலையில் இருக்க வேண்டும், வண்டியை ஜாக்கில் மட்டப்படுத்துவதற்கு முன் ஸ்லைடா, பின்னா என்பதெல்லாம் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். அதில் யூடியூப் அண்ணன்களைக் கேட்பதைவிட உங்கள் வண்டியின் புத்தகத்தைக் கேட்பது மேல்.

இனி அந்த விரல் விஷயம். பெட்டி சுவரைத் தொட்டதுமே பொத்தானை விட்டுவிடுவது எல்லோருக்கும் கைவந்த பழக்கம். மோட்டார் திணறுகிற சத்தம் கேட்டால் பாவமாக இருக்குமே. ஆனால் இரண்டு மோட்டார் வகையில் கடைசியில் முட்டி நிற்பதைத்தான் கன்ட்ரோலர் தன் எல்லைக்கல்லாக எடுத்துக்கொள்கிறது. அது முட்டும் முன்பே விட்டுவிட்டால் இந்தப் பக்கம் ஒரு நூல், அந்தப் பக்கம் இரண்டு நூல் என்று ஒவ்வொரு பயணத்திலும் வித்தியாசம் சேர்ந்துகொண்டே போகும். முழுக்க வெளியே, முழுக்க உள்ளே, இரண்டு மோட்டாரும் தாமாக நிற்கும்வரை விரலை எடுக்கக் கூடாது. பழைய கோணல் இருந்தால் முழுக்க வெளியே தள்ளி, ஓரிரண்டு அங்குலம் உள்ளே இழுத்து, மறுபடி முட்டும்வரை தள்ளினால் பெரும்பாலும் நேராகிவிடும். நடுவில் பாதி வழியில் நிறுத்தி வைத்து வசிப்பது எந்த வகைக்கும் ஆகாது.

எண்ணெய் விஷயத்தில் நம்மாட்களோடு நான் போடும் சண்டை தனி. கிறீச் என்றால் கிரீஸ் அடிக்க வேண்டும் என்பது நம் ரத்தத்தில் ஊறியது. திறந்து கிடக்கும் பல்தண்டில் கிரீஸைத் தடவினால் டெக்சாஸ் தூசி முழுவதும் அதில் ஒட்டி, அடுத்த கோடையில் அரைக்கிற பசையாகிவிடும். துணியால் துடைத்துவிட்டு, காய்ந்து போகிற வகை ட்ரை லூப் ஸ்ப்ரேயைக் கொஞ்சமாக அடித்தால் போதும். ரப்பர் சீலுக்குப் பெட்ரோலிய எண்ணெய் பட்டாலே ஊதிப்போகும். அதற்கென்று விற்கும் ரப்பர் பாதுகாப்பு திரவத்தைத் துணியில் நனைத்து வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை தடவுகிறேன். வெயில்தான் அதற்கு எமன்.

தண்ணீர்

மோட்டாரைப் பற்றிப் புலம்புகிறவர்கள் நிறைய. பெட்டியின் தரையைக் குனிந்து பார்க்கிறவர்கள் குறைவு. நான் பார்த்த அளவில் பழைய வண்டிகளின் ஸ்லைடைக் கொல்வது தண்ணீர்தான். மத்திய டெக்சாஸின் லைவ் ஓக் மரங்கள் இலையுதிர்காலத்தில் மரியாதையாக உதிர்க்காமல் பிப்ரவரி, மார்ச்சில் உதிர்க்கும். அந்த இலைகள் ஸ்லைடின் கூரைமேல் படிந்திருக்கும்போது அப்படியே உள்ளே இழுத்தால் சீல் கொஞ்சத்தைத் துடைத்துத் தள்ளும், மீதி அதன் மடிப்பில் சிக்கிக்கொள்ளும். சிக்கிய இடத்தில் சீல் படியாது. அடுத்த மழை அந்த வழியாகத்தான் வரும். மேலே துணிக்கூரை போட்டால் இலை குறையும், ஆனால் துணியின் நடுவில் தண்ணீர் தேங்கித் தொப்பை விழும், காற்றில் படபடவென்று அடித்து ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும். நான் ஏணியும் துடைப்பமும் போதும் என்கிற கட்சி. மனைவி துணி போடலாம் என்கிற கட்சி. ஏணியில் ஏறுவது யார் என்பதை வைத்துப் பார்த்தால் அவள் கட்சியில் கரிசனம் இருக்கிறது.

கூரையைவிட மோசம் கீழ் மூலைகள். ஸ்லைடின் தரை பெரும்பாலும் ஒட்டுப்பலகை. அடியில் கறுப்பாக ஒரு தடித்த பிளாஸ்டிக் உறை ஒட்டியிருப்பார்கள். உருளைகள் அதன்மேல் போய்வந்து ஒரே கோட்டில் தேய்க்கும், உறை கிழியும், சக்கரம் அடிக்கும் தண்ணீர் பலகையின் விளிம்பில் ஏறும். மேலே கார்பெட் அழகாகத்தான் இருக்கும். ஸ்லைடை வெளியே தள்ளிவிட்டு, கீழே படுத்து, விளிம்பு நெடுக ஸ்க்ரூடிரைவர் நுனியால் லேசாகக் குத்திக்கொண்டே போனால் தெரிந்துவிடும். நல்ல பலகை டக் டக் என்கும். எங்கள் படுக்கையறை ஸ்லைடில் ஒரு மூலைக்கு வந்ததும் சத்தம் நின்று, நுனி வெண்ணெயில் போவதாக உள்ளே இறங்கியது. பலகை ஊறி உப்பியதால் அந்த மூலை தாழ்ந்து, பெட்டி வாகில்லாமல் உட்கார்ந்து, கால்மாட்டு மோட்டார் எப்போதுமே கொஞ்சம் கூடுதலாக உழைத்துக்கொண்டிருந்திருக்கிறது. போல்ட், கனெக்டர், இப்போது பலகை. மூன்றும் ஒரே மூலையைச் சேர்ந்த கதை.

அழுகியதைக் கொத்தி எடுத்து, மிச்ச மரத்தைக் காயவிட்டு, எபாக்சி பசை ஊற்றிக் கெட்டியாக்கி, ஒரு துண்டு பலகை செருகி, மேலே புது உறை ஒட்டினேன். மல்லாந்து படுத்துக்கொண்டு செய்கிற வேலை, பசை முகத்தில் சொட்டும். பழுது பார்க்கும் இடத்தில் விசாரித்தபோது வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள், எப்போது கை வைப்பார்கள் என்பதற்கு மட்டும் பதில் வரவில்லை. வீட்டுக்கே வந்து பார்க்கிற மெக்கானிக் மணிக்கு 175 டாலர் கேட்டார். கேட்டதில் தப்பில்லை, படுத்துப் பார்த்தபின் அந்தக் கூலி நியாயம் என்றே படுகிறது.

நண்பனுக்குச் சொன்னது

கடைசியில் நண்பனோடு நானும் ஒரு விற்பனை மையத்துக்குப் போனேன். வழக்கம்போலப் பொத்தானை அழுத்திக் காட்டினார்கள். நண்பன் நான் சொல்லிக்கொடுத்தபடி, இதைக் கையால் எப்படி மூடுவது, காட்ட முடியுமா என்று கேட்டான். விற்பனையாளர் சிரித்தார், பிறகு போன் செய்து பட்டறையிலிருந்து ஒரு பெண் மெக்கானிக்கை வரவழைத்தார். அந்தப் பெண் முதல் வண்டியில் கீழே குனிந்து, லீவரைத் திருப்பி, ராட்செட்டை மாட்டிக் கடகடவென்று ஓர் அடி உள்ளே இழுத்துக் காட்டிவிட்டார். அடுத்த வண்டி நண்பனுக்குப் பிடித்தது, ஒரு பக்கச் சுவர் முழுக்க ஸ்லைடு. அதில் கன்ட்ரோலர் எங்கே என்று தேடவே அவருக்கு நேரம் பிடித்தது. கட்டிலைத் தூக்கினால்தான் கை போகும். ஸ்லைடு பாதி மூடி நின்றால் கட்டிலைத் தூக்க முடியாது. இதை அவரே சொல்லிவிட்டுத் தோளைக் குலுக்கினார். விற்பனையாளர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஆனா அந்த கிச்சன் என்னமா இருக்கு பாத்தீங்களா?" என்று நண்பன் காரில் வரும்போது கேட்டான். பார்த்தேன். நல்ல கிச்சன்தான். அவன் மனைவிக்கும் அதுதான் பிடித்திருக்கிறது. வருகிற சனிக்கிழமை வேறொரு இடத்துக்குப் போகிறோம். மல்ட்டிமீட்டரையும் ஸ்க்ரூடிரைவரையும் நானே எடுத்து வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.